முப்பது மீற்றரும் ஒரு தேங்காயும்

கயிறு மேலே வந்தது. கயிற்றில் பாரத்துக்குக் கட்டியிருந்த தராசின் இரும்புப் படியும் வந்தது. மணிக்கூடு மட்டும் வரவில்லை.

நிலாவரைக் கிணற்றின் கரையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். ஈரக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அளவெட்டியில் இருக்கும் என் அண்ணை. கயிற்றின் நுனியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர். நான் கைத்தொலைபேசியை இருவருக்கும் நடுவே நீட்டிப் பிடித்திருந்தேன். அதன் திரையில், மூன்று நாளில் கல்யாணமாகப் போகிற என் மகள் துளசி இருந்தாள்.

"என்னம்மா, உள்ளுக்கை தண்ணி போட்டுதோ?" என்று அவள் கேட்டாள்.

மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்கத்தான் நாங்கள் வந்தோம். மணிக்கூடே தண்ணீருக்குள் போய்விட்டது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொலைபேசியை வானத்துக்குத் திருப்பினேன்.

"கயித்தை இன்னொருக்கா ஆட்டிப் பாருங்கோ," என்றார் இவர்.

வெறுங்கயிற்றை ஆட்டினால் என்ன வரும்? ஆனாலும் அண்ணை ஆட்டினார். இரும்புப் படி படிக்கட்டில் மோதி டங்கென்றது. வாசலில் நின்ற காவல்கார ஐயா அந்தச் சத்தத்துக்கு எழும்பி வந்து, "என்ன, மீன் பிடிக்கிறியளோ?" என்று அதட்டினார்.

நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைத் தொடரில் இனித் தன்னைப் பற்றி எழுதக்கூடாது என்று இவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். வாக்கு வாங்கியவர் அதற்குப் பிறகு ஒழுங்காக நடந்திருக்க வேண்டாமா?

கனடாவில் இருந்து வந்த இரண்டு

கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். துளசியின் கல்யாணத்துக்கென்று இவருடைய தம்பி கனடாவில் இருந்து வந்தார். கொண்டுவந்த பெட்டிகளில் பாதி சொக்கிலேற். மீதியில் இரண்டு கைமணிக்கூடுகள். ஒன்று பெண்ணின் தகப்பனுக்கு, மற்றது பெண்ணின் தாய்மாமனுக்கு. அதாவது ஒன்று இவருக்கு, ஒன்று என் அண்ணைக்கு.

தம்பிக்கு அவை இரண்டும் மணிக்கூடுகள், அவ்வளவுதான். பாவம், ஊரை விட்டுப் போய் நெடுங்காலம். இங்கே ஒரு பொருளை யாராவது கொடுத்தால் நாங்கள் முன்பக்கம் பார்ப்பதற்கு முன் பின்பக்கம் பார்ப்போம் என்பதை அவர் மறந்துவிட்டார்.

பின்பக்கத்தில், இவருடைய மணிக்கூட்டில் தண்ணீர் தாங்கும் ஆழம் இருநூறு மீற்றர் என்று பொறித்திருந்தது. அண்ணையுடையதில் முப்பது.

அண்ணை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மணிக்கூட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு இவருடைய மணிக்கூட்டையும் வாங்கித் திருப்பி வாசித்தார். "நல்ல சாமான்," என்று மட்டும் சொல்லிக் கட்டிக்கொண்டார். வடையைக் கடித்தார். ஆனால் அந்த வடையை அவர் மென்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவரோடு கூடப் பிறந்தவள். அவர் எப்போது வடையை மெல்லுகிறார், எப்போது வேறொன்றை மெல்லுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

இவரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இவர் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவருடைய உத்தியோக காலத்தில் பெரும்பகுதி எங்கள் ஊரில் றெயிலே ஓடவில்லை. சண்டையில் தண்டவாளமே இல்லாமல் போனது. தண்டவாளத்துக்குக் கீழிருந்த சிலிப்பர்க் கட்டைகள் பங்கர்க் குழிகளுக்குக் கூரையாகப் போயின. இவர் வவுனியாவில் இருந்துகொண்டு, வராத றெயில் எத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தவர். இப்போது கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் றெயில் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் இவர் மணிக்கூட்டைப் பார்த்து, "ரெண்டு நிமிசம் பிந்தி," என்று முணுமுணுப்பார். சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனால் லீவும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கையில் இருநூறு மீற்றர் மணிக்கூட்டைக் கட்டினால் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணிக்கு முன் கையைக் காட்டினார். வாளிக்குள் கையை விட்டும் காட்டினார்.

மெசின் குழாயின் வாய்

அண்ணை வெங்காயம் போடுகிறவர். வெயில் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு, பின்னேரம் இறைப்பு மெசின் குழாயின் வாய்க்குக் கீழே குந்தியிருந்து குளிப்பார். அந்தத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும். அது குளிப்பு இல்லை, அடி. முதுகில் நாலு பேர் சேர்ந்து குத்துவது மாதிரி விழும். சோப்புக்கட்டியைக் கையில் இருந்து பறித்துக்கொண்டு வாய்க்கால் வழியே ஓடிவிடும்.

அன்றைக்கு மணிக்கூட்டைக் கழற்றாமல் குந்தினார். தண்ணீருக்கென்றே செய்த மணிக்கூட்டைத் தண்ணீரில் ஏன் கழற்ற வேண்டும் என்பது அவருடைய நியாயம். குளித்து முடித்துத் தலை துவட்டும்போது பார்த்தால், கண்ணாடிக்கு உட்பக்கம் புட்டுப்பானை மூடி மாதிரி ஆவி பிடித்திருக்கிறது. கம்பி ஆறு இருபதில் நிற்கிறது.

அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தார். ஆவி கொஞ்சம் குறைந்தது. ஆறு இருபது மாறவில்லை.

மூன்றாம் நாள் மோட்டார்சைக்கிளில் கொக்குவிலுக்கு வந்தார். கல்யாண வீட்டுக்கு வருகிறவர் கையில் ஒன்றுமில்லாமல் வந்தார். நேரே இவருக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"மச்சான், இதைப் பாரும்."

இவர் பார்த்தார். "தண்ணி போட்டுது."

"அது எனக்கும் தெரியுது. முப்பது மீற்றர் தாங்குமெண்டு எழுதிக் கிடக்கு. என்ரை கிணத்திலை முப்பது அடி தண்ணியே இல்லை. குந்தியிருந்து குளிச்ச தண்ணி தாங்கேல்லை. இது என்ன சாமான்?"

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதர், "ஐயையோ, கடைக்காரன் தம்பியை ஏமாத்திப்போட்டான் போலை," என்று சொல்லியிருப்பார். தம்பி பக்கத்து அறையில் இருக்கிறார் என்றால் மெதுவாகச் சொல்லியிருப்பார். இவர் சொன்னது இது:

"மணிக்கூட்டிலை பிழையில்லை. அதைக் கட்டிறதுக்கும் ஒரு பழக்கம் வேணும். நேரம் திருப்புற அந்தக் குமிழை வடிவா அமத்தினனீங்களோ?"

அண்ணையின் முகம் கறுத்தது. "அப்ப எனக்குப் பழக்கமில்லை. அதுதான் எனக்கு முப்பது, உமக்கு இருநூறு. உம்மடை ஆக்கள் ஆளைப் பாத்துத்தான் அளந்திருக்கினம். எனக்கு டூப்பிளிக்கேற்றைத் தந்திருக்கினம்."

"என்ரை தம்பி டூப்பிளிக்கேற் குடுக்கிறவன் இல்லை."

"சரி. அப்ப தேங்காய் உடைக்கிறதுக்கும் ஒரு டூப்பிளிக்கேற் மாமனைப் பிடியுங்கோ."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

மாமன் தேங்காய்

எங்கள் பக்கத்தில் கல்யாண நாள் விடிய, பெண்ணுக்குப் பாலறுகு வைப்போம். பலகையில் இருத்தி, தாய்மாமன் தேங்காய் உடைக்க, பெரியவர்கள் சோடி சோடியாக வந்து பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைப்பார்கள். பிறகுதான் முழுக்கு, பிறகுதான் கூறைச்சேலை எல்லாம். மண்டபம் பிந்தலாம், மேளகாரர் பிந்தலாம். மாமன் இல்லாவிட்டால் முதல் அடியே எடுத்து வைக்க முடியாது.

எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணை. அம்மா அப்பா இல்லை. என்னுடைய கல்யாணத்தில் தோழனாக நின்று இவருடைய காலைக் கழுவியவர் அவர்தான். இவர் பதிலுக்கு அவருடைய விரலில் மோதிரம் போட்டார். அந்த மோதிரம் இடம்பெயர்ந்த காலத்தில் அரிசியாக மாறி எல்லாரும் சாப்பிட்டோம். அந்த அண்ணை இல்லாமல் என் பிள்ளையின் தலையில் அறுகு வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் அழுதேன். இவர் கதவுக்கு வெளியே நின்று, "குமிழைப் பற்றித்தானே கேட்டனான்," என்று இரண்டு முறை சொன்னார்.

மணப்பெண் சொன்ன விஞ்ஞானம்

துளசி பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள். ஆனால் அவள் மணப்பெண். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பேச்சுக்கு வாழைக்குலையின் பேச்சுக்கு உள்ள மதிப்புத்தான்.

"அம்மா, ரெண்டு பேரும் பிழை," என்றாள். "முப்பது மீற்றர் எண்டால் முப்பது மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோகலாமெண்டு அர்த்தமில்லை."

"பின்னை ஏனடி எழுதுறாங்கள்?"

அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் பத்து மீற்றர் ஆழமானால் நாங்கள் சுவாசிக்கிற காற்றின் அமுக்கத்தளவு இன்னொரு அமுக்கம் ஏறும். முப்பதென்றால் அதில் மூன்று மடங்கு. புது மணிக்கூட்டை அசையாத தண்ணீரில், கொஞ்ச நேரம், அந்த அமுக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் பின்னால் பொறிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த மணிக்கூட்டை நம்பிக் கை கழுவலாம், மழையில் நனையலாம். குளிக்கிறதென்றால் கழற்றத்தான் வேண்டும். நீந்துவதற்கே நூறு இருந்தால் நல்லது.

"அசையாத தண்ணிக்கு ஒரு கணக்கு, அடிச்சு விழுற தண்ணிக்கு வேறை கணக்கு," என்று சொல்லி, பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்தினாள். தண்ணீர் சீறிக்கொண்டு போய் மதிலில் காய்ந்த இவருடைய சாரத்தைக் கீழே தள்ளியது. "மாமா இதுக்குள்ளை கையை வைச்சவர். அதோடை பகல் முழுக்க வெயில்லை சுட்ட மணிக்கூடு. கிணத்துத் தண்ணி பட்டவுடனை உள்ளுக்கிருக்கிற காத்துச் சுருங்கும். சுருங்கினால் வெளியிலை இருக்கிறதை உறிஞ்சும். அந்த றப்பர் வளையம் பாவம், எத்தினையைத் தாங்கும்?"

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அப்பாவுடைய பழைய மணிக்கூடு ஞாபகம் வந்தது. சண்டையில் பாதை பூட்டிக் கிளாலிக் கடலேரியைத் தோணியில் கடந்த நாட்களில் அப்பா அதைச் சொப்பிங் பையில் சுற்றி, மெழுகுதிரியை உருக்கி ஒட்டி, மடியில் கட்டிக்கொண்டு போனார். தோணிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியும் மணிக்கூடு டிக் டிக்கென்று அக்கரை சேர்ந்தது. அடுத்த கிழமை அம்மா சேட்டுப் பையைப் பார்க்காமல் அதைத் தோய்கல்லில் வைத்து நாலு அடி அடித்தார். கடலேரி செய்யாததைத் தோய்கல் செய்தது.

அண்ணையும் அப்படித்தான் என்று அப்போது நினைத்தேன். ஷெல்லடி, இடப்பெயர்வு, அழுகிப்போன வெங்காயம், பிரான்சுக்குப் போய் வருடத்துக்கொரு முறை மட்டும் கதைக்கிற மகன், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தாங்கினவர். எவ்வளவு ஆழமும் தாங்குவார். விசுக்கென்று எறிந்த ஒரு சொல்லைத் தாங்கமாட்டார்.

"இதை உன்ரை அப்பாவுக்குச் சொல்லு," என்றேன்.

சொன்னாள். இவர் முழுதாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "அப்ப இருநூறு உண்மையிலேயே நல்லதுதான்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் இருநூறு மீற்றர்

நான் அளவெட்டிக்குப் போய் அண்ணையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அண்ணையின் மனைவி, என் மச்சாளும் என் பக்கம். "ஒரு மணிக்கூட்டுக்காகப் பெட்டைக்குத் தேங்காய் உடைக்கமாட்டனெண்டு நிக்கிறார். விசர் மனுசன்," என்று அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்.

கடைசியில் அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். இவருடைய இருநூறை ஆழத் தண்ணீரில் இறக்க வேண்டும். காய்ந்தபடி வந்தால் கனடாச் சாமான் உண்மையானது, தன்னுடையது கெட்டது தன் பிழை, தேங்காயோடு வருவார். தண்ணீர் போயிருந்தால் இரண்டும் டூப்பிளிக்கேற் என்று இவர் சபையில் சொல்ல வேண்டும்.

இவர் உடனே சம்மதித்தார். துளசி தலையில் அடித்துக்கொண்டாள். "இருநூறு தாங்கினால் முப்பதைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்று கேட்டாள். வாழைக்குலை பேசியதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு பெரிய கேள்வி எழுந்தது. யாழ்ப்பாணத்தில் இருநூறு மீற்றர் எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் ஆழமும் இல்லை, உயரமும் இல்லை. மேசையில் விரித்த தோசை மாதிரி ஊர். கடலுக்குள் இறங்கினால் நெடுந்தூரம் போயும் இடுப்புத்தான் நனையும். மிச்சமிருந்தது நிலாவரைக் கிணறு ஒன்று. அதற்கு அடியே இல்லை என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தோம். பிறகு யாரோ ஆழம் அளந்தார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அந்தப் பின்னைய செய்தியை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு முடிந்துவிட்டதால் துளசி வாசல் படலை தாண்டக் கூடாது. அதனால்தான் அவள் தொலைபேசிக்குள் வந்தாள். மூன்று கிணற்றுக் கயிறுகளை அண்ணை ஒன்றாக முடிந்து கொண்டுவந்தார். கயிறு நேராக இறங்க, எங்கள் வீட்டுப் பழைய தராசின் இரும்புப் படியை நுனியில் கட்டினார். படிக்கு மேலே, கயிற்றைச் சுற்றி, இவர் தன் மணிக்கூட்டைப் பட்டியோடு பூட்டினார்.

அண்ணை இரண்டு கையையும் விரித்துப் பாகக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். இவர் அதை மீற்றருக்கு மாற்றிச் சத்தமாகச் சொன்னார். இருவரும் நேரே கதைக்கவில்லை. எல்லாம் என் மூலமாக.

"கொஞ்சம் மெதுவா விடட்டுமெண்டு சொல்லும்."

"மெதுவாத்தான் விடுறனெண்டு சொல்லு பிள்ளை."

நடுவில் கயிறு எதிலோ தட்டிச் சிக்கியது. உள்ளே சுண்ணாம்புக்கல் விளிம்பு ஏதோ. அண்ணை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கயிறு விட்டுக்கொடுத்தது. அந்த வெட்டில்தான் பட்டி கழன்றிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது.

"நான் கட்டின படி வந்திட்டுது," என்றார் அண்ணை. நிறைய நாளுக்குப் பிறகு இவரோடு நேரே பேசிய முதல் பேச்சு அது. "நீர் பூட்டின மணிக்கூடுதான் வரேல்லை."

"நீங்கள் ஏன் வெட்டி இழுத்தனீங்கள்?"

"இழுக்காட்டி எப்பிடி எடுக்கிறது?"

காவல்கார ஐயா எங்களை வெளியே போகச் சொன்னார். வாசலில் மோட்டார்சைக்கிளை உதைத்தபடி அண்ணை கிணற்றுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"கீரிமலையிலை வரும்," என்றார்.

பிந்தித்தான் வரும்

எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நிலாவரையில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, போட்டால் நிலத்துக்கடியால் போய்க் கடற்கரையில் இருக்கிற கீரிமலைக் கேணியில் மிதக்குமாம். போட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. எடுத்தவர் யாரையும் தெரியாது. ஆனால் நம்பாதவர் யாரையும்கூடத் தெரியாது.

அடுத்த நாள் விடிய இவர் துவாயைத் தோளில் போட்டார். "கல்யாண அலைச்சல். உடம்பு அலுப்பாக் கிடக்கு. கீரிமலையிலை ஒரு முழுக்குப் போட்டிட்டு வாறன்," என்றார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, பந்தல்காரன் வாசலில் நிற்க, முழுக்கு.

இனி வருவதை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். நான் ஒட்டித் தைத்திருக்கிறேன்.

ஆண்கள் கேணியில் இவர் இறங்கும்போது, அங்கே கழுத்தளவு தண்ணீரில் ஒரு தலை ஏற்கெனவே நின்றது. அண்ணை.

"என்ன மச்சான், இஞ்சாலை?"

"உடம்பு அலுப்பு. நீங்கள்?"

"எனக்கும் அலுப்புத்தான்."

இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். முழுகவில்லை. காலால் அடியைத் தடவினார்கள். கொஞ்ச நேரத்தில் இருவரும் தடவித் தடவி நடுவுக்கு வந்துவிட்டார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு தேசிக்காய் மிதந்து வந்து அண்ணையின் நாடியில் முட்டியது. கோயிலுக்கு வந்த யாரோ விட்டதாக இருக்கும். அண்ணை அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பாத்தீரோ, தேசிக்காய் வந்திட்டுது."

"ஓம். மணிக்கூடு?"

"அது பாரம். பிந்தித்தான் வரும்."

"பிந்தி எண்டால், எவ்வளவு பிந்தி?" புகையிரதப் பகுதிக் கேள்வி.

அண்ணை யோசித்தார். "அது சொல்லேலாது."

கரையேறித் தலை துவட்டும்போது இவர் மெல்லக் கேட்டாராம். "நாளையண்டைக்கு விடிய வாறியள்தானே?"

"மணிக்கூடு வரட்டும் மச்சான். தீர்ப்பு இன்னும் வரேல்லையே."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி நிலாவரையில் இறக்கியிருப்பேன். இரும்புப் படி வீட்டில்தான் இருந்தது.

ஆறு இருபது

கல்யாண நாள் விடிந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஆறில் இருந்து ஏழு மணிக்குள். துளசி பலகையில் இருந்தாள். பாலும் அறுகும் தட்டில். தேங்காய் முடி வழித்து மஞ்சள் பூசி இருந்தது. அண்ணை வரவில்லை. தொலைபேசி அடித்தபடியே இருந்தது, எடுக்கவில்லை. மச்சாள் மட்டும் ஓட்டோவில் வந்து இறங்கினார். "இருட்டோடை வெளிக்கிட்டவர். இஞ்சை வந்திருப்பாரெண்டு நினைச்சன்," என்றார்.

இவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து, பிறகு மற்றவர்களிடம் நேரம் கேட்டார். ஆறரை. ஆறே முக்கால். பின்னால் றெயில் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அது பிந்தியதா என்று இவர் பார்க்கவில்லை.

நல்லூரில் இருந்து வந்த இவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். "நேரம் போகுது. மாமன் வராட்டி ஆரும் ஒராள் உடைக்கலாம்தானே? நானே உடைக்கிறன்."

"வையுங்கோ கீழை," என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் வைத்தார்.

ஏழு மணி அடித்தது. துளசி என்னைப் பார்த்தாள். நான் பால் தட்டைப் பார்த்தேன். அதற்குள் இரண்டு சொட்டு விழுந்தது, அது பால் இல்லை.

ஏழு பத்துக்குப் படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணை. பட்டுவேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தலையில் இருந்து தண்ணீர் வழிந்தது. காலில் பாசி. நேரே இவரிடம் போனார்.

"இன்னும் வரேல்லை மச்சான்," என்றார். "விடியவே கீரிமலைக்குப் போனனான். கல்யாணத்திலை நீர் வெறுங்கையோடை நிக்கப்படாதெண்டு, வடிவாத் தடவிப் பாத்தனான். வரேல்லை."

இவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அண்ணையின் தலையைத் துவட்டினார். எனக்குக் கல்யாணம் நடந்த அன்று அண்ணை இவருடைய காலைக் கழுவியது எனக்கு ஞாபகம் வந்தது.

"அதெல்லாம் சரி, நேரம் போட்டுதே," என்றார் நல்லூர்க்காரர். "ஏழு பத்து."

இவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்துத் தூக்கினார். அங்கே அந்த மணிக்கூடு இருந்தது. வழக்கில் காட்டவென்று அண்ணை அதைக் கழற்றவே இல்லை. இவர் சால்வை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"ஆர் சொன்னது நேரம் போட்டுதெண்டு? ஆறு இருபது."

"என்ரை போனிலை..." என்று நல்லூர்க்காரர் தொடங்கினார்.

"உம்மடை போன் கிடக்கட்டும். தாய்மாமன்ரை கையிலை என்ன நேரமோ, அதுதான் நேரம்."

ஒரு நிமிடம் பிந்திய றெயிலை மன்னிக்காத மனிதர் அதைச் சொன்னார். துளசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அழுது முடிக்க நேரம் போதவில்லை.

அண்ணை தேங்காயை எடுத்து ஓங்கி ஒரே அடியில் உடைத்தார். நேர்பாதி. தேங்காய்த் தண்ணீர் சீறி அவருடைய கையெல்லாம் தெறித்தது. அவர் பதறிப்போய் மணிக்கூட்டை வேட்டியில் துடைக்கப் போனார்.

"பயப்பிடாதேங்கோ மச்சான்," என்றார் இவர். "அது முப்பது மீற்றர் தாங்கும்."